மழைநீர் வடிகாலில் 400 நீர்மட்ட சென்சார்: ரேடியோ, பேட்டரி, தரவுத்தளம் எப்படித் திட்டமிடுவது?

ஓடைக்கரை (கேள்வி)

வணக்கம். ஒரு நகரின் மழைநீர் வடிகால்களில் 400 இடங்களில் நீர்மட்ட சென்சார் பொருத்துவதற்கான வடிவமைப்பு இறுதிக் கட்டத்தில் இருக்கிறது. தண்ணீர் தெருவுக்கு ஏறுவதற்கு முன்பே எந்த வடிகால் நிரம்புகிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிய வேண்டும். வரைவு இப்படி இருக்கிறது:

மேன்ஹோல் மூடிக்குக் கீழே அல்ட்ராசோனிக் சென்சார், 5 மீட்டர் வரை அளப்பது. தொடர்புக்கு லோராவான் (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் சிறு செய்தி அனுப்பும் ரேடியோ முறை), நகரின் நடுவில் உயரமான கட்டடத்தின் மேல் 8 சேனல் கேட்வே (சென்சார்களின் செய்தியை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டி) ஒன்று. சாதாரண நாளில் 15 நிமிடத்துக்கு ஒரு ரீடிங், மட்டம் ஏறத் தொடங்கினால் 2 நிமிடத்துக்கு ஒன்று. செய்தி தவறக் கூடாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் அக்னாலெட்ஜ்மென்ட் (வந்து சேர்ந்தது என்ற பதில்). 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு டி சைஸ் செல், 19 ஆம்பியர் மணி. 10 ஆண்டு ஓட வேண்டும். பின்னணியில் காஃப்கா (செய்திகளை வரிசையாக வாங்கிப் பகிரும் மென்பொருள்), ஹடூப் கிளஸ்டர் (பல கணினிகளில் தரவைப் பிரித்துச் சேமிக்கும் அமைப்பு), அதன் மேல் டாஷ்போர்டு.

கேட்வே ஒன்று போதுமா? பேட்டரி 10 ஆண்டு தாங்குமா? இவ்வளவு பெரிய தரவு அமைப்பு தேவையா? பொய் அலாரத்தைக் குறைப்பது எப்படி?

---

அலைவரிசை

மழை பெய்யாத நாளில் இந்த வரைவு ஓடிவிடும். கனமழை நாளில் படுத்துவிடும். அதனால் மழை நாளை வைத்தே கணக்குப் போடுங்கள்.

12 பைட் தரவுள்ள ஒரு செய்தி, தலைப்பும் சேர்த்து 25 பைட். எஸ்எஃப் என்பது லோராவானின் வேகப் படி: எண் கூடினால் தூரம் கூடும், அனுப்பும் நேரமும் நீளும். 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அதை அனுப்ப எஸ்எஃப்7-ல் 62 மில்லிசெகண்ட் ஆகும். எஸ்எஃப்9-ல் 206 மில்லிசெகண்ட். எஸ்எஃப்12-ல் 1.48 செகண்ட். மேன்ஹோலுக்குள் இருக்கும் நோடு (சென்சாரும் ரேடியோவும் சேர்ந்த கருவி), நகரின் நடுவில் இருக்கும் ஒரே கேட்வேயை எட்ட வேண்டுமானால் பெரும்பாலும் எஸ்எஃப்12-க்குத்தான் போகும்.

இப்போது மழை. 400 நோடும் 2 நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 12,000 செய்தி. தலா 1.48 செகண்ட் என்றால் 17,760 செகண்ட். 8 சேனலுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் இருப்பதே 28,800 செகண்ட்தான். லோராவானில் யாரும் முறை பார்த்துப் பேசுவதில்லை. அவரவர் நினைத்த நேரத்தில் அனுப்புவார்கள். இப்படிப்பட்ட அமைப்பில் 62 சதவீத நேரம் நிரம்பியிருந்தால் ஒரு செய்தி மோதாமல் தப்பும் வாய்ப்பு சுமார் 29 சதவீதம். வலுவான சிக்னல் மோதலிலும் சில நேரம் பிழைக்கும் என்பதால் நடைமுறையில் சற்று கூடலாம். ஆனாலும் பாதிக்கு மேல் போய்விடும். இதே 12,000 செய்தி எஸ்எஃப்7-ல் போனால் நிரம்புவது 2.6 சதவீதம், இழப்பு சுமார் 5 சதவீதம். இன்னொன்று: 1 சதவீத டியூட்டி சைக்கிள் (அனுப்பும் நேரத்தின் பங்கு) வரம்பு உள்ள அலைவரிசைகளில் ஒரு நோடுக்கு மணிக்கு 36 செகண்ட்தான் அனுமதி. எஸ்எஃப்12-ல் 30 செய்தி அனுப்பினால் 44 செகண்ட் ஆகிறது. விதியும் மீறப்படும்.

அக்னாலெட்ஜ்மென்டை எடுத்துவிடுங்கள். கேட்வே பேசும்போது அதற்குக் காது கேட்காது, எட்டுச் சேனலும் அடைபடும். எஸ்எஃப்12-ல் ஒரு பதிலுக்கே சுமார் 1 செகண்ட். மணிக்கு 12,000 பதிலுக்கு 12,000 செகண்ட், இருப்பதோ 3,600. பதில் வராத நோடு மறுபடி அனுப்பும், நெரிசல் இன்னும் கூடும். செய்தி தவறாமல் காக்கப் போட்ட ஏற்பாடே செய்தியைத் தொலைத்துவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு செய்தியிலும் முந்தைய இரண்டு ரீடிங்கையும் சேர்த்து அனுப்புங்கள். மில்லிமீட்டரில் எழுதினால் ரீடிங் ஒன்றுக்கு 2 பைட்தான். ஒரு செய்தி தொலைந்தாலும் அடுத்தது அதை நிரப்பிவிடும்.

செய்ய வேண்டியவை: ஒரு உயரமான கேட்வேக்குப் பதில் 4 அல்லது 5 கேட்வே, ஒவ்வொரு நோடையும் குறைந்தது இரண்டு கேட்வே கேட்கும்படி. ஏடிஆர் வசதியை (சிக்னலுக்கு ஏற்ப எஸ்எஃப் படியைத் தானே மாற்றுவது) இயக்கி வையுங்கள். நகராத நோடுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். அனுப்பும் நேரத்தில் 0 முதல் 60 செகண்ட் வரை தற்செயலான தாமதம் சேருங்கள், இல்லையென்றால் ஒரே பகுதி நோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும். மழை நேரத்தில் 2 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, 6 நிமிடத்துக்கு ஒருமுறை மூன்றையும் சேர்த்து அனுப்பலாம். மட்டம் அபாயக் கோட்டைத் தாண்டினால் மட்டும் உடனே.

மேன்ஹோல் மூடியைத் தனியாகக் கவனியுங்கள். வார்ப்பிரும்பு மூடி 10 டெசிபெலுக்கு மேல் விழுங்கிவிடும். எஸ்எஃப்7-லிருந்து எஸ்எஃப்12 வரை ஐந்து படி ஏறினால் கிடைப்பதே படிக்கு 2.5 வீதம் மொத்தம் 12.5 டெசிபெல். அத்தனையும் மூடிக்கே போய்விடும். மூடியை இழைக் கலவை மூடியாக மாற்றலாம், அல்லது கேபிள் இழுத்து ஆன்டெனாவைப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் வைக்கலாம். இடத்தைத் தேர்வு செய்யும் சோதனையை மூடியை மூடிய பிறகே செய்யுங்கள், மேலே ஒரு வண்டி நிற்கும்போதும் ஒருமுறை. எஸ்எஃப்9-ல் சிக்னல்–இரைச்சல் விகிதம் மைனஸ் 12.5 டெசிபெல் வரை எடுபடும். அதைவிட 8, 10 டெசிபெல் மிச்சம் இல்லாத இடத்தை ஏற்க வேண்டாம்.

கேட்வேக்கு மின்சாரமும் மழை நாளில்தான் போகும். குறைந்தது 8 மணி நேர பேட்டரி, இடிதாங்கி, இணையத்துக்கு இரண்டு வழி (ஒன்று கம்பி, ஒன்று சிம்) இல்லாமல் விடாதீர்கள்.

---

அளவுகோல்

சென்சார் பக்கம் நான் சொல்றேன்.

அல்ட்ராசோனிக் மலிவு, சரி. ஆனா வடிகாலுக்குள்ள அதுக்கு நாலு எதிரி. முதல்ல வெப்பம். ஒலியோட வேகம் டிகிரிக்கு 0.6 மீட்டர் மாறும். வெப்பநிலை 10 டிகிரி தப்பா எடுத்தா 3 மீட்டர் தூரத்துல 5 சென்டிமீட்டர் பிசகு. சென்சாருக்குள்ளேயே வெப்பமானி இருக்கும், ஆனா அது வெயில்ல காயிற மூடிக்குக் கீழ ஒட்டிக்கிட்டு இருக்கும். கீழ தண்ணிப் பக்கம் காத்து குளிர்ச்சியா இருக்கும். ரெண்டாவது, முகப்புல படியிற பனித்துளி. மூணாவது சிலந்தி வலை. சில வாரத்துலயே கட்டிடும், சென்சார் 35 சென்டிமீட்டர்னு ஒரே எண்ணைச் சொல்லிக்கிட்டே இருக்கும். நாலாவது, இறங்குற படிக்கம்பி. ஒலிக்கற்றை விரிஞ்சு போறதால அந்தக் கம்பியில பட்டுத் திரும்பி வரும்.

60 அல்லது 80 கிகாஹெர்ட்ஸ் ரேடார் வாங்க முடிஞ்சா அதையே வாங்குங்க. காத்தோட வெப்பம் அதைத் தொடாது, கற்றையும் ஒடுக்கம். பணம் இடிச்சா ஆழமான, குறுகலான, முக்கியமான 100 இடத்துக்கு ரேடார், அகலத் திறந்த கால்வாய்க்கு அல்ட்ராசோனிக்னு பிரிச்சுக்கலாம்.

எல்லாரும் கோட்டை விடுற இடம் குருட்டு மண்டலம். பல அல்ட்ராசோனிக் சென்சாருக்கு முகப்பிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள்ள எதுவும் தெரியாது. தண்ணி மூடியை நெருங்குற கடைசி 30 சென்டிமீட்டர்தான் உங்களுக்கு வேண்டிய 30 சென்டிமீட்டர்! அங்க சென்சார் 30-லயே நிக்கும், இல்லைன்னா எதிரொலி கிடைக்கலைன்னு 5 மீட்டர்னு சொல்லும். டாஷ்போர்டுல பார்த்தா வடிகால் காலி. அதனால மூடியிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழ ஒரு மிதவை ஸ்விட்ச் வைங்க. அது மேல எழுந்தா சென்சார் என்ன சொன்னாலும் 'நிரம்பிடுச்சு'ன்னு போகணும். தண்ணிக்குள்ள மூழ்குற இடம்ங்கிறதால பெட்டி ஐபி68, கேபிள் நுழையுற இடத்துல ரெசின் ஊத்தி அடைங்க. ரப்பர் வாஷரை மட்டும் நம்ப வேண்டாம்.

பொருத்துற அன்னைக்கு மூணு அளவு எழுதி வைங்க: சென்சார் முகப்பிலிருந்து வடிகால் தரை வரை, முகப்பிலிருந்து மூடி வரை, மூடியோட கடல்மட்ட உயரம். இந்த மூணு இல்லாம வர்ற ரீடிங் எதுக்கும் ஒப்பிட உதவாது. 'எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கு'ன்னு மட்டும் சேமிச்சா மேல் வடிகாலையும் கீழ் வடிகாலையும் ஒரே கோட்டுல வைக்க முடியாது. ரோடு போடுறப்ப மூடியை உயர்த்துவாங்க. அன்னைக்கே மறுபடி அளக்கணும். அளவுக்கோலை உள்ள நிறுத்தி எடுத்த போட்டோவையும் அந்த இடத்தோட பதிவுல சேருங்க.

அப்புறம், தயவுசெஞ்சு கேளுங்க: பொருத்துறதுக்கோ துடைக்கிறதுக்கோ எந்த ஆளும் மேன்ஹோலுக்குள்ள இறங்கக் கூடாத மாதிரி தாங்கியை வடிவமைங்க. ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிகமா இருந்தா ரெண்டு மூச்சுல ஆள் விழுந்துடுவார், காப்பாத்த இறங்குறவரும் விழுவார். மேலிருந்து கொக்கியில மாட்டி, மேலிருந்தே தூக்கி எடுக்கிற தாங்கி செய்ய ஒரு இரும்புப் பட்டறை போதும். டெண்டர்லயே இதை நிபந்தனையா எழுதுங்க.

---

மின்கலம்

பேட்டரிக்கு நேரடிக் கணக்கு.

தூக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர்: ஆண்டுக்கு 88 மில்லி ஆம்பியர் மணி. சென்சாருக்கு 30 மில்லி ஆம்பியர், 2 செகண்ட், நாளுக்கு 96 தடவை: ஆண்டுக்கு 584. அனுப்புவதற்கு 40 மில்லி ஆம்பியர்: எஸ்எஃப்12 என்றால் 577, எஸ்எஃப்7 என்றால் 24. இதோடு ஆண்டில் 30 நாள் முழுக்க 2 நிமிட வேகத்தில் ஓடினால் எஸ்எஃப்12-ல் கூடுதலாக 620, எஸ்எஃப்7-ல் 325.

மொத்தம் எஸ்எஃப்12-ல் சுமார் 1,870, எஸ்எஃப்7-ல் சுமார் 1,020. 19 ஆம்பியர் மணி என்பது மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கும் அளவு. திட்டத்தில் 60 சதவீதம், அதாவது 11.4 ஆம்பியர் மணி என்று வையுங்கள். எஸ்எஃப்12-ல் 6 ஆண்டு, எஸ்எஃப்7-ல் 11 ஆண்டு. ஆக, கூடுதல் கேட்வே பேட்டரிக்கும் சேர்த்தே லாபம். சென்சாரை 2 செகண்டுக்குப் பதில் 1 செகண்டில் அணைக்க முடிந்தால் இன்னும் நல்லது. எஸ்எஃப்7-ல் பெரிய செலவு அங்கேதான்.

இந்த வகை செல் நெடுநேரம் தூங்கினால் லித்தியம் மேல் ஒரு மெல்லிய குளோரைடு படலம் படியும். திடீரென மின்னோட்டம் இழுத்தால் வோல்டேஜ் சட்டென இறங்கி, நோடு ரீசெட் ஆகும். புது செல், ஆனாலும் நோடு செத்தது போலத் தெரியும். செல்லுக்கு இணையாக ஒரு ஹைப்ரிட் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சட்டெனத் தரும் பாகம்) வைத்தால் தீரும். வெறும் சூப்பர் கெபாசிட்டர் வைப்பதானால் அதன் கசிவைப் பாருங்கள். 10 மைக்ரோ ஆம்பியர் கசிந்தால் தூக்கச் செலவு இரட்டிப்பாகிறது. ஒவ்வொரு செய்தியிலும் பேட்டரி வோல்டேஜையும் சேர்த்து அனுப்புங்கள். அதை ரேடியோ அனுப்பும் நொடியில், சுமை இருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்தால் இந்த வேதியியலில் சாகும் நாள் வரை 3.6 என்றே காட்டும்.

---

தரவுக்கிடங்கு

400 நோடு, நாளுக்கு 96 ரீடிங்: 38,400 வரி. ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சம். வரிக்கு 100 பைட் வைத்தாலும் 1.4 ஜிபி. 4 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரே ஒரு கேமரா ஒரு மணி நேரத்தில் 1.8 ஜிபி தரும். மழை நாள் ரீடிங்கைச் சேர்த்தாலும் உங்கள் ஓராண்டுத் தரவு ஒரு கேமராவின் இரண்டு மணி நேரத்தைவிடக் குறைவு. இதற்கு ஹடூப் வேண்டாம், காஃப்காவும் வேண்டாம். ஒரு எம்க்யூடிடி புரோக்கர் (கருவிகளின் செய்தியை வாங்கிப் பகிரும் சிறு மென்பொருள்), ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அதன் மேல் டைம்ஸ்கேல்டிபி (நேரவரிசைத் தரவுக்கான இணைப்பு), தினமும் வேறிடத்துக்கு ஒரு பேக்கப். அவ்வளவுதான்.

பெரிய தரவு என்ற பேச்சு எங்கே பொருந்தும்? 10 லட்சம் மின்மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பேசினால் நாளுக்கு 9.6 கோடி வரி, சராசரியாக செகண்டுக்கு 1,100. அங்கே காஃப்கா தேவை. அப்போதும் மீட்டர் எண்ணை வைத்துப் பார்ட்டிஷன் (காஃப்காவுக்குள் இருக்கும் தனி வரிசை) பிரிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் வரிசை காக்கப்படும். கேமரா என்றால் படத்தை அனுப்பாமல் அந்த இடத்திலேயே எண்ணி, எண்ணிக்கையை மட்டும் அனுப்புவது மேல். கொள்ளளவும் மிச்சம், மக்களின் முகமும் சர்வருக்கு வராது.

சிறிய தரவானாலும் ஒழுங்கு வேண்டும். நான் வலியுறுத்துவது இவை.

அளக்கும் இடத்துக்கு ஒரு எண், கருவிக்கு வேறு எண். கருவி பழுதாகி மாற்றும்போது இடத்தின் வரலாறு அறுபடக் கூடாது. எந்தக் கருவி எந்த இடத்தில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை இருந்தது என்று ஒரு தனி அட்டவணை. இடம்சார் தரவுக்குத் தரநிலை வகுக்கும் ஓஜிசி அமைப்பின் சென்சார்திங்ஸ் தரநிலை 2016-லேயே இந்தப் பிரிவினையைச் செய்துவைத்திருக்கிறது. அதன் அமைப்பை எடுத்துக்கொண்டால் நாளை காற்று மாசு, தெருவிளக்கு என்று எது சேர்ந்தாலும் அட்டவணையை உடைக்க வேண்டாம்.

சென்சார் சொன்ன தூரத்தை அப்படியே சேமியுங்கள். நீர்மட்டமாக மாற்றுவது கேட்கும்போது நடக்கட்டும். மூடி உயர்ந்தால் திருத்த அளவு மாறும். அந்தத் திருத்தத்துக்கும் தேதி இருக்க வேண்டும். மாற்றிய எண்ணை மட்டும் சேமித்தால் தவறு தெரிந்தபின் திரும்பிப் போக வழி கிடையாது.

நேரம் எல்லாம் யுடிசியில் (உலகப் பொது நேரம்). அளந்த நேரம், வந்து சேர்ந்த நேரம் இரண்டும் தனித்தனி. மேலே அலைவரிசை என்பவர் சொன்னபடி பழைய ரீடிங்கும் சேர்ந்து வருவதால் இது கட்டாயம். எம்க்யூடிடி க்யூஓஎஸ் 1-ல் (குறைந்தது ஒருமுறையாவது சேர்க்கும் நிலை) ஒரே செய்தி இருமுறை வரலாம். கருவி எண்ணும் அளந்த நேரமும் சேர்ந்து தனித்துவச் சாவியாக இருந்தால் இரண்டாவது தானாக விழுந்துவிடும். செய்தி எண் தாவுவதைப் பார்த்து ஒவ்வொரு நோடுக்கும் தினசரி இழப்புச் சதவீதம் எடுங்கள். ரேடியோ கெடுவதை அலாரம் தவறுவதற்கு முன்பே அது காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு நோடுக்கும் தனித்தனி ஆப்கீ (லோராவானின் ரகசியச் சாவி). எல்லாவற்றுக்கும் ஒரே சாவி எழுதித் தரும் விற்பனையாளரை ஏற்காதீர்கள்; ஒரு பெட்டியைத் திறந்தால் 400-ம் திறந்துவிடும். புரோக்கர் 1883 போர்ட்டில் (மறையாக்கம் இல்லாத வழி) வெளியே தெரியக் கூடாது, 8883-ல் டிஎல்எஸ் (மறையாக்கிய வழி) மட்டும். கேட்வேயின் ஆரம்பக் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல் பரவியது கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் மாற்றாமல் விட்ட கடவுச்சொல்லால்தான்.

---

ஓடைக்கரை

மிக்க நன்றி. கேட்வே 5, அக்னாலெட்ஜ்மென்ட் இல்லை, முக்கியமான 100 இடங்களுக்கு ரேடார், எல்லா இடத்திலும் மிதவை ஸ்விட்ச், ஒற்றை போஸ்ட்கிரெஸ் என்று வரைவு மாறுகிறது. அலாரம் மட்டும் மிச்சம். 80 சதவீதம் நிரம்பினால் சிவப்பு என்று ஒரே விதி போதுமா?

---

மேல்மடை

போதாது. ஒரே கோடு வைத்தால் அலை அடிக்கும் தண்ணீரில் அலாரம் நிமிடத்துக்கு நிமிடம் எழுந்து அணையும். இரண்டாவது வாரமே கட்டுப்பாட்டு அறையில் ஒலியைக் குறைத்து வைத்துவிடுவார்கள். ஏறும்போது 70 சதவீதத்தில் எழட்டும், இறங்கும்போது 55-ல் அணையட்டும். நோடிலேயே ஐந்து முறை அளந்து நடு எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரு தப்பு எதிரொலி சராசரியை இழுத்துவிடும்.

சதவீதத்தைவிட மீதமுள்ள நேரம் பயனுள்ளது. மட்டம் 10 நிமிடத்தில் 20 சென்டிமீட்டர் ஏறுகிறது, மூடிக்கு இன்னும் 60 இருக்கிறது என்றால் 30 நிமிடம். பம்பை நகர்த்துபவருக்கு வேண்டியது இந்த எண்தான்.

அடுத்தது, அக்கம்பக்கத்துச் சென்சாரைச் சேர்த்துப் பார்ப்பது. இரண்டு சென்சாருக்கு நடுவே 600 மீட்டர், நீரோட்டம் செகண்டுக்கு 1 மீட்டர் என்றால் மேலே ஏறியது கீழே 10 நிமிடத்தில் தெரிய வேண்டும். மேலே ஏறுகிறது, 20 நிமிடமாகியும் கீழே அசைவில்லை என்றால் நடுவில் அடைப்பு. மழைமானியில் 24 மணி நேரமாகத் துளி இல்லை, ஆனால் மட்டம் இறங்காமல் நிற்கிறது என்றால் அந்த இடத்துக்குக் கீழே வண்டல். இந்த இரண்டு விதியும் மழைக்காலத்துக்கு முன்பே எங்கே தூர்வார வேண்டும் என்று சொல்லிவிடும். என் பார்வையில் 400 சென்சாரின் பெரிய பலன் இதுதான். வெள்ள அலாரம் அதற்கு அடுத்தது. அமெரிக்காவின் சவுத் பெண்ட் நகரம் 2008-ல் கழிவுநீர்க் குழாய்களில் நூற்றுக்கும் மேற்பட்ட சென்சார் வைத்ததும் இந்த வழியில்தான்: எங்கே அடைக்கிறது, எங்கே இடம் மிச்சம் என்று முதலில் கண்டார்கள், பிறகு வால்வுகளைத் தானியங்கியாக்கினார்கள்.

வடிகால் கடலில் கலக்கும் இடமாக இருந்தால் ஓதத்தைக் கழியுங்கள். மழையே இல்லாமல் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டம் ஏறி இறங்கினால் அது அடைப்பு அல்ல.

டாஷ்போர்டில் நிறத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். தரவு வராத இடம் சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும். பல மென்பொருள்கள் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். மூன்று மணி நேரம் முன்பு செத்த நோடு பச்சையாக நிற்கும், பார்ப்பவர் அங்கே வடிகால் காலி என்று நம்புவார். இரண்டு முறை தொடர்ந்து செய்தி வராவிட்டால் சாம்பல். மழை நேரத்தில் ஒரே பகுதியில் ஐந்து இடம் ஒன்றாகச் சாம்பலானால் அது கேட்வே. ஒன்று மட்டும் என்றால் ஆள் அனுப்பிப் பார்க்கும் அளவுக்கு அவசரம். எண் மாறாமல் நிற்பதும் பழுதுதான்: 48 மணி நேரம் ஒரு மில்லிமீட்டர் கூட அசையாத ரீடிங் பெரும்பாலும் சிலந்தி வலை அல்லது படிக்கம்பி.

பராமரிப்பு ஆளை இப்போதே கணக்கில் எழுதுங்கள். இடத்துக்கு ஆண்டுக்கு இரண்டு முறை துடைத்து, அளவுக்கோலால் சரிபார்க்க 800 தடவை போக வேண்டும். ஒரு குழு நாளுக்கு 8 இடம் பார்த்தால் 100 வேலை நாள். உதிரிக் கருவி 5 முதல் 10 சதவீதம், அதாவது 20 முதல் 40, சாவி எழுதித் தயாராக அலமாரியில் இருக்க வேண்டும். முதல் 400-ஐயும் ஒரே நாளில் பொருத்த வேண்டாம். ஒரே ஓடையின் மேலிருந்து கீழ்வரை 20 இடம் வைத்து ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டுங்கள். தாங்கி, மூடி, விதி எல்லாம் அதில் மாறும், மீதி 380-ஐ அதன் பிறகு வாங்கலாம்.